தீவுக்கு முகம் எது, முதுகு எது: பாய் விரிக்கிறவங்களுக்கு ஒரு காத்துக்கணக்கு

கன்னியாகுமரிக்கு வந்த எல்லாருமே விவேகானந்தர் பாறைக்கு போட்ல போயிருப்பீங்க. அடுத்த தடவை போனா மண்டபத்தைப் பாத்து முடிச்சதும் பாறைய ஒரு சுத்து சுத்தி வந்து தண்ணிய மட்டும் பாருங்க. ஜூலை மாசம்னா மேற்கு பக்கம் அலை ஓங்கி அடிச்சு சுவர் உயரத்துக்குத் தெறிக்கும், அப்படியே நடந்து கிழக்கு பக்கம் வந்தா அதே நேரத்துல தண்ணி ஒதுங்கி, ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஒரே பாறை, ஒரே கடல், நடுவுல ஒரு நிமிஷ நடை. டிசம்பர்ல வந்து பாத்தா கிழக்கு பக்கம்தான் கலங்கியிருக்கும்.

தீவைச் சுத்திப் பாய்ப்படகுல போறதுக்கு தெரிய வேண்டிய முதல் விஷயம் இதுதான். தீவுக்கு ஒரு முகம் உண்டு, ஒரு முதுகு உண்டு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அது முகம், மறைஞ்ச பக்கம் முதுகு. நம்ம கடல்ல இந்த முகமும் முதுகும் வருஷத்துக்கு ரெண்டு தடவை இடம் மாறும். அது எப்ப மாறும், ஏன் மாறும், மாறுற நேரத்துல என்ன ஆகும், இவ்வளவுதான் சொல்லப் போறேன்.

எங்க ஊரு நீரோடி பக்கம். தமிழ்நாட்டுக் கரை இங்க முடியுது, கொஞ்சம் நடந்தா பொழியூர், அது கேரளா. எங்க பேச்சுல மலையாளம் பாதி கலந்திருக்கும், போட்ட வள்ளம்னுதான் சொல்வோம். தூத்தூர், வள்ளவிளை, மார்த்தாண்டன்துறைன்னு எங்க வரிசை ஊர்க்காரங்க தங்கல் போறவங்க, அதாவது நாள் கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்கிறவங்க, சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவு தாண்டியும் போவாங்க. இப்ப எல்லாம் எஞ்சின், ஜிபிஎஸ். பாய் கட்டி ஓட்டினவங்க எங்க பாட்டா (தாத்தா) காலத்தோட போயிட்டாங்க, ஆனா காத்து போகல, எஞ்சின் போட்லயும் அது அதே இடத்துல அடிக்குது, அதனாலதான் எஞ்சின் வச்சிருக்கிற பசங்களும் இதைத் தெரிஞ்சுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல பேரு குழப்பத்தைத் தீர்த்துடலாம், புதுசா வர்றவங்க எல்லாரும் இங்கதான் தடுமாறுறாங்க. காத்துக்கு அது எங்க இருந்து வருதோ அந்தத் திசைதான் பேரு. வடக்க இருந்து வந்தா வாடை, கிழக்க இருந்து வந்தா கொண்டல், மேற்கால இருந்து வந்தா கச்சான். ஆனா நீரோட்டத்துக்கு அது எங்க போகுதோ அந்தத் திசைய வச்சுத்தான் சார்ட்ல, அதாவது கடல் வரைபடத்துல சொல்லுவாங்க. அதாவது மேற்குக் காத்தும் கிழக்கு நீரோட்டமும் ஒரே பக்கமாத்தான் போகுது. இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டா கணக்கு முழுசும் தலைகீழ்.

இன்னொண்ணு, வேகம். காத்த நாட்ஸ்லதான் சொல்லுவாங்க, 1 நாட்ஸ்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர். 10 நாட்ஸ் 20 ஆச்சுன்னா ரெண்டு மடங்குதானேன்னு தோணும். பாய் மேல விழுற தள்ளு நாலு மடங்கு ஆகும். 30 ஆனா ஒம்பது மடங்கு. அதனாலதான் காலைல சுகமா இருந்த பாய் மத்தியானம் கயித்த அறுக்கப் பாக்குது.

சரி, காத்து ஏன் காலத்துக்குக் காலம் திரும்புது? சின்ன அளவுல இதை நம்ம கரைலயே தினமும் பாக்கலாம். பகல்ல தரை சீக்கிரம் சூடாகும், தண்ணி மெதுவாத்தான் சூடாகும், தரை மேல இருக்கிற காத்து லேசாகி மேல போக அந்த இடத்தை நிரப்ப கடல்ல இருந்து காத்து உள்ள வரும். ராத்திரி தரை சீக்கிரம் ஆறிடும், அப்ப கரைல இருந்து கடலுக்கு வீசும். பாட்டா சொல்வாரு, விடியக்காலம் கரைக்காத்துல பாய விரிச்சுப் போயி மத்தியானம் கடல்காத்துல திரும்பி வந்துருவோம், துடுப்புக்கு வேலை கம்மின்னு. கட்டுமரம் ஓடினது பூரா இந்தக் கணக்குலதான்.

இதையே ஒரு நாளைக்குப் பதிலா ஒரு வருஷமா, ஒரு கரைக்குப் பதிலா ஆசியாக் கண்டம் முழுசா நினைச்சுப் பாருங்க, மான்சூன் பாதி புரிஞ்சிடும். கோடைல வட இந்தியாவும் திபெத் பீடபூமியும் கொதிக்குது, அங்க காத்தழுத்தம் குறையுது. அதே சமயம் பூமத்திய ரேகைக்குத் தெற்க, மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளுக்கும் கீழ, ஒரு பெரிய உயர் அழுத்தம் உக்காந்திருக்கும், மாஸ்கரீன் உயர் அழுத்தம்னு பேரு. அங்க இருந்து தென்கிழக்குக் காத்தா கிளம்பி பூமத்திய ரேகையத் தாண்டுது. தாண்டினதும் பூமி சுத்துறதால வலது பக்கமா வளையுது, ஆப்பிரிக்கா மலைகள் ஒரு மதில் மாதிரி நின்னு அதை ஒரே பாதையில ஓட வைக்குது, அதனால சோமாலியா கரையோரம் ஜூலைல 30 நாட்ஸுக்கு மேல சாதாரணமா அடிக்கும். அது அரபிக்கடல முழுசா கடந்து நம்ம கிட்ட வருது. இதுதான் தென்மேற்குப் பருவக்காத்து. குளிர்காலத்துல கண்டம் ஆறிப் போயி அங்க அழுத்தம் கூடுது, காத்து திரும்பி வடகிழக்கால இருந்து வருது. மான்சூன்ங்கிற வார்த்தையே அரபில பருவம்னு அர்த்தம் வர்ற மவ்சிம்ல இருந்து வந்ததுதான், கப்பல்காரங்க வச்ச பேரு, மழைக்காரங்க வச்சது இல்ல.

பேரு தென்மேற்குன்னு இருக்கேன்னு போட்ட அந்தத் திசைக்கு வச்சுக் கட்டிடாதீங்க. நம்ம கரைக்கும் லட்சத்தீவுக்கும் வர்றப்ப அது மேற்கா, பல நாள் வடமேற்காக்கூட வீசும். அதே மாதிரி வடகிழக்குன்னு சொல்றதும் கேரளா கரையோரம் முழுசா தெரியாது, மேற்குத் தொடர்ச்சி மலை மறைச்சிடுது. பிப்ரவரி மார்ச்ல எங்க கரைல மத்தியானம் வர்றது வடமேற்குக் கடல்காத்துதான். புத்தகத்துல இருக்கிற பேரு கண்டம் முழுசுக்குமான பேரு, உங்க கரைக்கானது இல்ல.

லட்சத்தீவப் பத்திச் சொன்னா, ஜனவரி பிப்ரவரில வடக்கு, வடகிழக்குக் காத்து மிதமா இருக்கும், கடல் தெளிவு, புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல மாசம் இல்ல. மார்ச்ல இருந்து காத்து இளைச்சுப் போகும், ஏப்ரல்ல சில நாள் கண்ணாடி மாதிரி கிடக்கும், பாய் தொங்கும், வெயில் மண்டைய பிளக்கும், திடீர்னு சாயந்தரம் இடியோட ஒரு காத்து அரை மணி நேரம் ஆட்டிட்டுப் போயிடும். கேரளால பருவமழை தொடங்குற வழக்கமான தேதி ஜூன் 1, ஆனா காத்து மே கடைசிலயே திரும்ப ஆரம்பிச்சிடும், அது படிப்படியா வர்றதும் கிடையாது, நாலஞ்சு நாள்ல கடல் ஆளே மாறிடும். ஜூன் ஜூலை பாய்க்கு ஆகாது. ஆகஸ்ட் கடைசில இருந்து அடங்கும், செப்டம்பர்ல மேற்குக் காத்து இருக்கும் ஆனா கோபம் குறையும். அக்டோபர் ரெண்டுங்கெட்டான் மாசம். நவம்பர் டிசம்பர்ல வாடை வந்துரும், கூடவே புயல் பயமும் வரும், அதைப் பின்னாடி சொல்றேன்.

எங்க பக்கம் மேற்குக் கடலுக்கு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள், கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் பெருகட்டும்னு போட்ட தடை அது, ஆனா மேற்குக் கடல்ல அந்த ரெண்டு மாசமும் சரியா கச்சான் உச்சத்துல இருக்கிற ரெண்டு மாசம்.

இந்தக் காலண்டர் தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரே ஆளோட கதையிலயே பாக்கலாம். வாஸ்கோ ட காமா 1498 ஏப்ரல் 24 அன்னைக்கு ஆப்பிரிக்காவுல மலிந்தில இருந்து கிளம்பினாரு, கூட அந்தக் கடல் தெரிஞ்ச ஒரு வழிகாட்டி இருந்தாரு, மே 20 கோழிக்கோடு பக்கம் வந்து நங்கூரம் போட்டாச்சு. நாலு வாரம் கூட இல்ல. திரும்பிப் போறப்ப கோழிக்கோட்ட விட்டது ஆகஸ்ட் 29, கார்வார் பக்கம் அஞ்சதீவுல இருந்து அக்டோபர் 5 கடல் கடக்கக் கிளம்பினாங்க, வாடை நல்லா விழறதுக்கு முன்னாடியே. காத்து இல்லாமலும் எதிர்க்காத்துலயும் மாட்டி ஆப்பிரிக்கா கரை கண்ணுல பட்டது 1499 ஜனவரி 2. மூணு மாசம். ஸ்கர்விங்கிற நோய் வந்து ஆளுங்க செத்து, கப்பல் ஓட்டக் கையே பத்தாமப் போச்சு. இதுக்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷம் முன்னாடியே எகிப்துல இருந்து கேரளக் கரைல இருந்த முசிறித் துறைமுகத்துக்கு மிளகு வாங்க வந்த கிரேக்கக் கப்பல்கள் ஜூலை வாக்குல கிளம்பி, டிசம்பர் ஜனவரி காத்துல திரும்பிப் போயிட்டிருந்தாங்க. காத்திருந்தாங்க, அதுதான் அவங்க வித்தை. நம்ம லட்சத்தீவு அமினி, கல்பேனி ஆளுங்களும் கயிறும் தேங்காயும் ஏத்தி ஓடத்துல மங்களூருக்கும் கோழிக்கோட்டுக்கும் வந்து வித்துட்டு, மழைக்காத்து (தென்மேற்குப் பருவக்காத்து) திரும்புறதுக்குள்ள தீவுக்குப் போய்ச் சேர்ந்துருவாங்க. தவற விட்டா அடுத்த செப்டம்பர் வரைக்கும் கரைலதான் கிடக்கணும்.

ஏன்னா பாய்ப்படகு காத்து வர்ற திசைக்கு நேரா ஏறாது. இன்னைக்கு இருக்கிற நல்ல பாய்ப்படகுகூட 45 டிகிரி அளவுக்கு ஒதுங்கித்தான் ஏற முடியும், வலதுக்கும் இடதுக்கும் மாறி மாறி வெட்டிப் போகணும். 10 மைல் தூரத்துக்கு 14 மைலுக்கு மேல ஓடணும், அதுவும் அலை முகத்துல அடிக்க. நீரோட்டமும் காத்தோட சேர்ந்து திரும்பும், இலங்கைக்குத் தெற்க மழைக்காலத்துல (எங்களுக்கு அது தென்மேற்குக் காத்துக் காலம்) கிழக்கா ஓடும், வாடைக்காலத்துல மேற்கா ஓடும், அதனால எதிர்த்துப் போறவனுக்கு ரெட்டை அடி.

இப்ப தீவுக்கு வருவோம். தீவு ஒண்ணு நடுவுல நின்னா காத்து என்ன பண்ணும்? மேல ஏறப் பாக்கும், இல்லன்னா ரெண்டு பக்கமும் பிரிஞ்சு ஓடும். பிரிஞ்சு ஓடுற ஓரத்துல வேகம் கூடிடும், குழாய் வாய விரலால அமுக்கினா தண்ணி பீச்சுற மாதிரி. எங்க மாவட்டத்துலயே இதுக்கு உதாரணம் இருக்கு, ஆரல்வாய்மொழி கணவாய். மேற்குக் காத்து ரெண்டு மலைக்கு நடுவுல நெருங்கி வேகம் எடுத்து முப்பந்தல் பக்கம் கொட்டுது, அங்கதான் காத்தாடி காடு மாதிரி நிக்குது. கடல்லயும் அதே கதை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவுல மன்னார் வளைகுடால மழைக்காலத்துல காத்து நெருக்கிப் பாயும், இலங்கைக்காரங்க மன்னார் தீவுல தம்பபவனின்னு 100 மெகாவாட் காத்தாலை வச்சிருக்காங்கன்னா சும்மா இல்ல. அதனால தீவோட மறைவுல சொகுசா வந்துட்டு முனைய திரும்புற இடத்துல பாய முழுசா விரிச்சு வைக்காதீங்க, முனைல காத்து திடீர்னு கூடும், முன்னாடியே பாயச் சுருக்கிட்டுப் போங்க.

மறைவு எவ்வளவு தூரத்துக்கு? தடுக்கிற பொருளோட உயரத்தைப் போல 10, 20 மடங்குன்னு ஒரு தோராயக் கணக்கு வச்சுக்கலாம். லட்சத்தீவு எல்லாம் தட்டையான பவளத்தீவு, தென்னை மரம்தான் உயரம், ஒரு 20 மீட்டர் வச்சா 200ல இருந்து 400 மீட்டர் வரைக்கும்தான் காத்துமறைவு, அதுக்கப்புறம் திரும்ப அடிக்கும். ஆனா அலைமறைவு வேற, பவளத்திட்டு அலைய உடைச்சிடுறதால அந்தப் பக்கம் நல்லா அடங்கியிருக்கும். முழுசா நம்பவும் கூடாது, அலை தீவோட ரெண்டு ஓரத்துலயும் வளைஞ்சு பின்பக்கம் வந்து ஒண்ணோட ஒண்ணு மோதும், அந்த இடத்துல போட் நாலா பக்கமும் ஆடும். பசிபிக்ல மார்ஷல் தீவுக்காரங்க இந்த வளைஞ்ச அலைய வச்சே தீவு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, குச்சிய கட்டி அலைக்கு வரைபடமே பண்ணினாங்க. இது படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல, ஏன்னா எங்க பாட்டாவும் கண்ண மூடிட்டு வள்ளத்தோட ஆட்டத்த வச்சு கரை எந்தப் பக்கம்னு சொல்வாரு, அது அவருக்கு மட்டும் இருந்த திறமைன்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தேன்.

முகமும் முதுகும் மாறுறத பெரிய அளவுல பாக்கணும்னா இலங்கையப் பாருங்க. டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் காலி, இக்கடுவைன்னு தென்மேற்குக் கரை அமைதி, டூரிஸ்ட் எல்லாம் அங்க. மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை பக்கம் கிழக்குக் கரை அமைதி, கூட்டம் அங்க போயிடும். நடுவுல 2,524 மீட்டர் மலை நிக்குதுல்ல, அது தென்னந்தோப்பு மறைவு இல்ல. நம்ம பக்கம்னா பாம்பன். தெற்க மன்னார் வளைகுடாவ ஆண்கடல்ன்னும் வடக்க பாக் விரிகுடாவ பெண்கடல்ன்னும் அங்க சொல்லுவாங்க. ஆனா வாடை விழுந்துட்டா பெண்கடல்தான் பொங்கும், தெற்குக் கடல் அடங்கிடும், அதனால காலம் பாத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போட்ட மாத்திக் கட்டுறது அங்க பழக்கம்.

புதுசா வர்றவங்க கரை பக்கத்துல இருந்தா பத்திரம்னு நினைக்கிறாங்க. கடல்ல எது ஆபத்துன்னு என்னைக் கேட்டா காத்து உங்கள எந்தக் கரைப் பக்கம் தள்ளுதோ அந்தக் கரைதான்னு சொல்லுவேன். நடுக்கடல்ல காத்து உங்கள எங்க தள்ளினாலும் தண்ணிதான். தீவோட முகப்பக்கம் நின்னீங்கன்னா தள்ளுற இடம் பவளப்பாறை. எங்க சித்தப்பா போட் பல வருஷம் முன்னாடி ஒரு மே கடைசில ஆள் இல்லாத ஒரு தீவுக்கு மேற்கால நங்கூரம் போட்டிருந்தாங்க, பத்து நாளா கடல் ஆடவே இல்ல, எல்லாரும் நல்ல தூக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கு மேற்கால கருத்துட்டு வந்து காத்து திரும்பிச்சு. சாயந்தரம் அவங்க எந்த முதுகுல படுத்தாங்களோ அது ராத்திரி முகமாயிடுச்சு. நங்கூரம் இழுபட ஆரம்பிச்சு, பின்னாடி அலை உடையுற சத்தம் கேட்டு எந்திரிச்சு, கயித்த வெட்டி விட்டுட்டு எஞ்சின முழுசா குடுத்து வெளிய வந்தாங்க. நங்கூரமும் ஒரு செட் வலையும் போச்சு, ஆள் தப்பிச்சாங்க. எஞ்சின் இருந்ததால வந்தாங்க, பாய் மட்டும்னா அந்த இடத்துல இருந்து எதிர்க்காத்துல ஏறி வெளிய வர இடமே இருந்திருக்காது.

லட்சத்தீவுல இதுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. அங்க பெரும்பாலும் தீவு கிழக்கு ஓரத்துல இருக்கும், மேற்கால வளைஞ்ச பவளத்திட்டு, நடுவுல அமைதியான பச்சைத் தண்ணி. உள்ள போற வழி அந்தத் திட்டுல இருக்கிற இடைவெளிதான். மழைக்காலத்துல அலை நேரா அந்த வாய்லதான் வந்து உடையும், அதனால அப்ப பெரிய கப்பல் எல்லாம் கிழக்கு பக்கம் போயி நிக்கும். நல்ல காலத்துல மேற்கு வழியா உள்ள போறதுன்னா மத்தியானத்துக்கு மேல போங்க, அப்பதான் வெயில் முதுகுக்குப் பின்னாடி இருக்கும், தண்ணிக்கடில பாறை பழுப்பா தெளிவா தெரியும். காலைல போனா சூரியன் கண்ணுக்கு நேர, தண்ணி வெறும் வெள்ளித் தகடு. இன்னொண்ணு, எங்க கரை மாதிரி விடியக்காலம் கரைக்காத்து வரும்னு அங்க எதிர்பாக்காதீங்க, அந்தத் துண்டு மண்ணுக்குக் கடல்காத்து கரைக்காத்து உண்டாக்குற அளவு உடம்பு இல்ல.

இப்ப புயல். 2017 நவம்பர் 29, 30. எங்க வரிசை ஊர்கள்ல அந்தத் தேதிய சொன்னா பேச்சு நின்னுடும். இலங்கைக்குத் தெற்க உருவான தாழ்வு ஒரே நாள்ல ஒக்கி புயலாகி கன்னியாகுமரிக்குக் கீழ கடந்து லட்சத்தீவு பக்கம் போச்சு, தங்கல் போனவங்க அந்தப் பாதையிலதான் இருந்தாங்க. திரும்பி வராதவங்க வீடு எங்க தெருவுலயும் இருக்கு. காத்துக் கணக்குல இதைச் சேத்துச் சொல்லியே ஆகணும், ஏன்னா புயல் வந்தா தீவுக்கு முதுகே கிடையாது. நம்ம பக்கம் புயல் இடஞ்சுழியா சுத்தும், அது கடந்து போகப் போக ஒரே இடத்துல காத்து வடக்க இருந்து கிழக்கோ மேற்கோ திரும்பிக்கிட்டே இருக்கும், காலைல மறைவா இருந்த இடம் சாயந்தரம் அடி வாங்கும். புயலோட நடுக்கண்ணு நேரா நம்ம மேல போச்சுன்னா கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் நேர் எதிர்ப்பக்கம் இருந்து அதே வேகம். அதனால அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் எச்சரிக்கை வந்தா தீவோட எந்தப் பக்கம் ஒதுங்கலாம்னு யோசிக்கவே கூடாது, கிளம்பாம இருக்கணும், கிளம்பியாச்சுன்னா பாதைய விட்டு விலகணும்.

இப்ப தகவலுக்குக் குறை இல்ல, ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற அரசு கடல் தகவல் மையம் தினமும் கடல் நிலவரம் போடுறாங்க, போன்ல ஆப் நிறைய இருக்கு. அதுல காத்து அம்புக்குறிய மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க. அலையோட திசை தனி, உயரம் தனி, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை செகண்ட்ங்கிறது தனி. 6 செகண்ட்னா பக்கத்துக் காத்து கிளப்பின அலை. 15க்கு மேல போச்சுன்னா அது ரொம்ப தூரத்துல, பூமத்திய ரேகைக்குக் கீழ தென்கடல்ல அடிச்ச புயல்ல இருந்து நாள் கணக்கா பயணம் பண்ணி வந்த அலை, உயரம் கம்மியா தெரிஞ்சாலும் ஆழமில்லாத இடத்துல வந்து பொங்கிடும். ஏப்ரல் மே மாசம் காத்தே இல்லாத நாள்ல திடுதிப்புன்னு வந்து கரைய ஏறும், எங்க பக்கம் கள்ளக்கடல்னு பேரு, கேரளா கரைல சொல்ற அந்தப் பேரையே 2012ல யுனெஸ்கோவும் ஏத்துக்கிச்சு. தெற்க இருந்து வர்ற அலைக்கு தெற்கு ஓரம்தான் முகம், காத்து எங்க இருந்து அடிச்சாலும் சரி. ஆக ஒரு தீவுக்கு அதே நாள்ல காத்துக்கு ஒரு முகமும் அலைக்கு இன்னொரு முகமும் இருக்கலாம், ரெண்டுக்கும் முதுகா இருக்கிற ஓரம் எதுன்னு தேடிப் பிடிச்சு அங்க நங்கூரம் போடணும்.

சித்தப்பா இப்பவும் தங்கல் போறாரு, போன்ல ஆப் பாக்கத் தெரியும், நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஆனா மே 15 தாண்டிட்டா ஆப் என்ன சொன்னாலும் சாயந்தரம் வெளிச்சம் இருக்கிறப்பவே நங்கூரத்தைத் தூக்கி தீவுக்குக் கிழக்கால மாத்திப் போடுவாரு, அங்க ஆழம் ஜாஸ்தி, கயிறு கூடக் கட்டணும், பசங்க முனகுவாங்க. மாத்திப் போட்ட பிறகுதான் அடுப்புல சோறு வைக்க விடுவாரு.